மார்கழிக் காலையில் வண்டி ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?

அறிவியல் பகுதி



மார்கழி, தை மாதத்தில் விடியற்காலையில் நம்ம மங்கலம்பேட்டையில் என்னென்ன சத்தம் கேட்கும்? பள்ளிவாசல் பாங்கு, கோயில் மைக்செட் பாட்டு, பால்காரர் சைக்கிள் மணி. அதோடு ஏதாவது ஒரு தெருவில் ஒரு பழைய வண்டி "உர்ர்... உர்ர்... டிக்" என்று இழுத்து இழுத்து நின்றுபோகும். உடனே சுற்றி நிக்கிறவங்க எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க: "பேட்டரி போச்சு. புதுசு போடு!"

புதுப் பேட்டரி சுமார் 5,000 ரூபாய் ஆகும். அது கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பல நாள் சம்பளம். கெட்டுப்போனது உண்மையிலேயே பேட்டரிதானா? காசு கொடுப்பதற்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டியது காது, கண், ஒரு மல்டிமீட்டர், நம்ம அறிவியல் புத்தகத்தில் இருக்கிற ஒரே ஒரு சூத்திரம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

எந்த வண்டி?

நான் சொல்லப் போவது அம்பாசிடர் கார். எங்க பெரியப்பா வைத்திருப்பது 1989-ல் பதிவான மார்க் 4, பெட்ரோல் வண்டி, 1489 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து, மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் செய்தார்கள். 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கலெக்டர் முதல் வாடகைக் கார்க்காரர் வரை ஒரு காலத்தில் எல்லாருக்கும் இதே கார்தான். இப்போது தெருவுக்கு ஒன்று கூட இல்லை.

புதுக் கார்களில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு வந்தால் அதற்கென்று ஒரு கருவியை மாட்டிப் பார்க்கிறார்கள். அம்பாசிடரில் எதுவும் மறைந்திருக்காது. பானட்டைத் திறந்தால் ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் மின்சாரப் பாடம் படிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடையாது!

சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

முதலில் பேட்டரியிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் மின்னோட்டம் சாவி வழியாகப் போய் சொலனாய்டு என்ற சுவிட்சைத் தட்டிவிடுகிறது. "டிக்" என்று கேட்பது அதுதான். அந்தப் பெரிய சுவிட்ச் மூடியதும், விரல் தடிமன் உள்ள கேபிள் வழியாக மிக அதிகமான மின்னோட்டம் செல்ஃப் மோட்டாருக்குப் பாய்கிறது. மோட்டார் சுற்றி இன்ஜினைச் சுழற்றுகிறது. அதே நேரத்தில் காயில் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கில் தீப்பொறி வந்து பெட்ரோல் பற்றினால் வண்டி ஸ்டார்ட்.

வீட்டில் ஒரு சின்ன பல்பு எடுப்பது அரை ஆம்பியர் கூட இருக்காது. இந்த செல்ஃப் மோட்டார் எடுப்பது நூறு ஆம்பியருக்கும் மேலே! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி தேவைப்படும்.

குளிர் என்ன செய்கிறது?

மூன்று வேலை செய்கிறது.

1. இன்ஜின் ஆயில் கெட்டியாகிறது. பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைகிறதைப் பார்க்கிறோமே, அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் கெட்டியாகும். இன்ஜினைச் சுற்ற மோட்டாருக்கு அதிக பலம் வேண்டும்.

2. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. ஈயத் தகடும் கந்தக அமிலமும் சேர்ந்துதான் மின்சாரம் தருகின்றன. குளிரில் அந்த வினை மெதுவாகும்.

3. பனி ஈரம் எல்லா இடத்திலும் படிகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்ம ஊர்க் குளிர் காஷ்மீர்க் குளிரா? மார்கழி விடியலிலும் சுமார் 20 டிகிரிதான். அந்தக் குளிரில் நல்ல வண்டி படுத்துவிடாது. அப்படியானால் காரணம் என்ன? நம்ம கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. அந்த மழை ஈரத்தில் வயர் இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். அடுத்த மாதமே மார்கழி. ஆக, குளிர் புதுக் கோளாறைக் கொண்டு வருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற கோளாறைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

"லைட் நல்லா எரியுதே!"

இதுதான் எல்லாரையும் குழப்பும் இடம். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. எப்படி?

நம்ம சூத்திரம்: வோல்ட் = ஆம்பியர் × ஓம்.

பேட்டரி டெர்மினலில் பூத்துப்போய் அங்கே 0.02 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைப்போம். 0.02 என்பது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். கணக்குப் போடுவோம்.

ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 8 ஆம்பியர். 8 × 0.02 = 0.16 வோல்ட் இழப்பு. கண்ணுக்கே தெரியாது. லைட் பளிச்!

செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியர். 150 × 0.02 = 3 வோல்ட் இழப்பு. 12-ல் 3 போனால் மீதி 9. மோட்டார் முக்கும், முனகும், சுற்றாது. காயிலுக்குப் போகும் வோல்ட்டும் குறைவதால் பிளக்கில் பொறியும் பலவீனமாகும். ஒரே கோளாறில் இரண்டு நஷ்டம்!

நம்ம கொல்லையில் இருக்கும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் மண் அடைத்திருந்தால், ஒரு பூச்செடிக்குப் போதுமான தண்ணீர் தாராளமாகப் போகும். ஒரு காணி கரும்புக்குப் பாய்ச்சும்போதுதான் அடைப்பு தெரியும். ஆகவே லைட் எரிவது பேட்டரிக்கும் சான்று இல்லை, இணைப்புக்கும் சான்று இல்லை.

பெரியப்பா வண்டியில் கண்டுபிடித்தது

எங்க தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் புதுச்சேரி ஜிப்மருக்குப் போக வேண்டுமென்றால் பெரியப்பா வண்டிதான் போகும். பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்குவாங்க. ஓ.பி. சீட்டு வாங்க விடியற்காலையிலேயே கிளம்பணும். போன மார்கழியில் அந்த நேரத்தில்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாலு பேர் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகும். சாவி போட்டால் ஆகாது. மதியம் சூடாக இருக்கும்போது செல்ஃப் எப்படியோ எடுத்துவிடும். நோயாளியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவங்க பனியில் வண்டி தள்ளினாங்க.

புதுப் பேட்டரி போட்டும் பத்து நாளில் அதே கதை. "இனிமே இது காயலான் கடைக்குத்தான்" என்று பெரியப்பா சொல்லிட்டாங்க. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று விலை கூடக் கேட்டாச்சு.

நான் நம்ம அறிவியல் சாரிடம் கேட்டு மல்டிமீட்டர் வாங்கிப் போனேன். "பொம்பளப் புள்ள, விடியக்காலையில பானட்டுக்குள்ள என்ன தேடுது பாரு" என்றாங்க பெரியம்மா. பெரியப்பா, "பாக்கட்டும் விடு, அவதான் மீட்டரு புடிக்கத் தெரிஞ்சவ" என்றாங்க.

முதலில் யோசித்தோம். தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. அப்ப கோளாறு பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இடையில்தான். பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அளந்தோம். மீட்டரை 20 வோல்ட் டி.சி.-யில் வைத்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட். நல்ல பேட்டரி. பெரியப்பா சாவியைத் திருப்ப, "உர்ர்... டிக்". அப்போதும் பேட்டரியில் 11.6 இருந்தது. பேட்டரி தளர்ந்திருந்தால் 9, 8 என்று விழுந்திருக்கும். பேட்டரி குற்றவாளி இல்லை!

இரண்டு மூன்று முறை முயற்சி செய்ததும் லேசாக ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டருக்குப் போகிற சோக் கம்பியைத் தொட்டால் சுட்டது! இன்ஜின் ஓடவே இல்லை. சோக் கம்பி என்பது கையால் இழுக்கிற கம்பி, அதில் மின்சாரமே கிடையாது. அது ஏன் சுட வேண்டும்?

விடை இதுதான். மின்சாரம் பேட்டரியிலிருந்து போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். பெரியப்பா வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் காரின் பாடியில் மாட்டியிருக்கிறது. ஆனால் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கச் செம்புக் கம்பியில் ஜடை மாதிரி பின்னிய ஒரு பட்டை உண்டு. அதற்குப் பெயர் எர்த் பட்டை. அது கெட்டுப்போனால் அத்தனை ஆம்பியரும் வீட்டுக்குத் திரும்ப வேறு வழி தேடும். கிடைத்தது சோக் கம்பி! மெல்லிய கம்பியில் அவ்வளவு மின்னோட்டம் போனால் சுடத்தானே செய்யும்? லைட்டுகளுக்கு எர்த் பாடியிலேயே இருப்பதால் அவை மட்டும் ஜோராக எரிந்தன.

உறுதி செய்ய, மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். சாவி திருப்பும்போது 3.2 வோல்ட் காட்டியது. நல்ல வண்டியில் அரை வோல்ட்டுக்குள்ளேதான் இருக்கணும். பிறகு ஒரு ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினுக்கு மாட்டினோம். பெரியப்பா சாவி திருப்பியதும் செல்ஃப் விறுவிறுவென்று சுற்றி வண்டி பிடித்துக்கொண்டது. ஒரு ரூபாய் செலவில்லாமல் நிரூபித்தாச்சு!

வண்டிக்கு அடியில் பார்த்தால் அந்தப் பட்டை பாதி அறுந்து, மீதி பச்சை பூத்துக் கிடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மழையும் சேறும் பட்ட பட்டை அது. விருத்தாசலத்தில் புதுப் பட்டை 150 ரூபாய். இரண்டு முனையும் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம்.

மறுபடி அளந்தேன். இன்ஜினுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் 0.2 வோல்ட். ஆனால் செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 10.5 காட்டியது! முன்னாடி 11.6 இருந்ததே, பேட்டரி கெட்டுவிட்டதா என்று பெரியப்பா கேட்டாங்க. இல்லை. முன்பு வழி அடைத்திருந்ததால் பேட்டரியால் மின்னோட்டத்தைக் கொடுக்கவே முடியவில்லை. இப்போது முழுசாகக் கொடுக்கிறது. சும்மா நிற்கிறவருக்கு மூச்சு வாங்காது, மூட்டை தூக்குகிறவருக்குத்தான் வாங்கும், அது மாதிரி. சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள்

1. ஒரு சத்தமும் இல்லை: லைட்டைப் போட்டுப் பாருங்கள். லைட்டும் இல்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கும் அல்லது பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். லைட் எரிந்தால் சாவி சுவிட்சிலிருந்து சொலனாய்டுக்குப் போகும் சின்ன வயரைப் பார்க்கணும்.

2. "டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாக: பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் பூத்திருக்கிறது.

3. ஒரே ஒரு "டிக்", லைட்டும் மங்கவில்லை: மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. சொலனாய்டு, கேபிள், எர்த் பட்டை மூன்றையும் பாருங்கள்.

4. "உர்ர்... உர்ர்..." என்று மெதுவாக: முதலில் இரண்டு டெர்மினல், அப்புறம் எர்த், அதற்கப்புறம்தான் பேட்டரி.

5. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை: இது வேறு பகுதி. கீழே படியுங்கள்.

பொறி வராவிட்டால்

பனி ஈரம் அதிகம் விளையாடுவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில். அதற்குள்ளே ஈரம் படிந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் மேலேயே ஓடி இன்ஜின் இரும்புக்குப் போய்விடும். மூடியைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். மூடியில் பென்சில் கோடு மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் அது மின்சாரம் கசிந்த தடம். மூடியை மாற்றணும்.

அதற்குள்ளே பாயிண்ட் என்று இரண்டு சின்ன முனைகள் இருக்கும். அவை திறந்து மூடுவதால்தான் காயிலில் உயர் வோல்ட் பிறக்கிறது. முனை கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் வைக்கணும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் பக்கத்தில் இருக்கும் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள்.

பிளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அது பீங்கான். நம்ம பக்கத்து விருத்தாசலம் பீங்கான் பொருள்களுக்குப் பேர்போனது இல்லையா? பீங்கானில் மின்சாரம் பாயாது. ஆனால் அதன் மேல் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் பாயும். அதனால் பிளக்கின் வெள்ளைப் பகுதியையும் துடைத்து வையுங்கள்.

டீசல் அம்பாசிடருக்கு இந்தப் பொறி வேலையே கிடையாது. அதில் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்க ஹீட்டர் பிளக் இருக்கும். அது வேலை செய்யாவிட்டால்தான் காலையில் தகராறு.

பேட்டரி மேல் சந்தேகமா?

சாயங்காலம் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதி வையுங்கள். முழு சார்ஜ் என்றால் 12.6 இருக்கும். 12.2 என்றால் பாதிதான். ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் மறுபடி அளங்கள். கழற்றி வைத்தும் வோல்ட் நன்றாக இறங்கியிருந்தால் பேட்டரிதான் போச்சு, தைரியமாக மாற்றலாம். கழற்றி வைத்தால் இறங்கவில்லை, மாட்டி வைத்தால் இறங்குகிறது என்றால் வண்டியில் எங்கேயோ மின்சாரம் கசிகிறது. புதுப் பேட்டரி போட்டாலும் அது தீராது.

டெர்மினலில் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அமிலத்தைக் காரம் சமன் செய்யும் என்று படித்தது இங்கே நுரை நுரையாகத் தெரியும்! அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

கட்டாயம் கவனிக்க!

பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் யாரும் பானட்டுக்குள் கை வைக்கக் கூடாது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கணும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் தீக்குச்சி, பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், வளையல், தொங்கும் தாவணி எதுவும் ஆகாது. காயில் வயரையும் பிளக் வயரையும் சுற்றும்போது தொடவே கூடாது. அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும்.

உங்களுக்குத் தெரியுமா?

முன்காலத்தில் காரின் முன்பக்கம் கம்பியை மாட்டிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1911-ல் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ல் காடிலாக் காரில் அது வந்தது.

ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே. ஆண்டு 1859. இன்று வரை கார்களில் அதே வகைதான் ஓடுகிறது!

பேட்டரி பற்றியும் உலோகம் துருப்பிடிப்பது பற்றியும் ஆராய்ச்சி செய்ய நம்ம தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கிறது. இந்த இரண்டும்தான் பழைய கார்களின் காலை நேரப் பிரச்சினை!

கடைசியாக ஒன்று. நம்ம வீட்டு டூவீலருக்கும், டிராக்டருக்கும், இன்வெர்ட்டருக்கும் இதே விதிதான். யாராவது "மாத்திடு" என்று சொன்னால், "அளந்து பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். அளக்கத் தெரியாதவர்கள் மதிய உணவு நேரத்தில் 9-ஆம் வகுப்புக்கு வாருங்கள். சார் அனுமதி கொடுத்திருக்கிறார், பழைய பேட்டரி ஒன்றை வைத்து மீட்டர் பிடிக்கச் சொல்லித் தருகிறேன்.



9-ஆம் வகுப்பு மாணவி